கடலில்தான் வெட்டுவோம்

அத்தை சுவரில் நூல் கட்டியிருந்தார். கறுப்புத் தையல் நூல்.

என் கணவர் கப்பல் வேலைக்குப் போன புதிதில், பள்ளிக்கூடங்களில் தொங்குமே அந்த மாதிரிப் பெரிய உலகப்படம் ஒன்றை வாங்கிச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் கிளம்பும் துறைமுகத்தில் ஒரு குண்டூசி, போய்ச் சேரும் துறைமுகத்தில் ஒரு குண்டூசி, நடுவே விறைப்பாக ஒரு நூல். நூல் கோணக்கூடாது என்பதற்காக அத்தை ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். மகனுடைய பழைய சட்டையிலிருந்து எடுத்த வெள்ளைப் பொத்தான் ஒன்றை நூலில் கோத்து, தினமும் காலையில் ஒரு விரல்கடை அளவு நகர்த்துவார். நகர்த்திவிட்டு அதனிடம் பேசுவார். "என்னடா, தூங்கினியா? எஞ்சின் சூட்டுல ரொம்ப நேரம் நிக்காதே."

அவர் எஞ்சின் அறையில் ஃபிட்டர்.

இந்தத் தடவை ஒரு சிக்கல் வந்தது. கிளம்பிய துறைமுகம் படத்தின் வலது கோடியில் இருந்தது. சேர வேண்டிய துறைமுகம் இடது கோடியில். இடையே இருந்த பெருங்கடலைப் படம் போட்டவர்கள் நடுவில் வெட்டி, பாதியை அந்த ஓரத்திலும் மீதியை இந்த ஓரத்திலும் வைத்திருந்தார்கள்.

"அந்த ஓரம் வரைக்கும் போயிட்டான்னு வை. அப்புறம் என்ன ஆவான்?" என்று அத்தை கேட்டார்.

"இந்த ஓரத்துல வந்துடுவாரு அத்தை. ரெண்டும் ஒரே கோடுதான். பாருங்க, ரெண்டு பக்கமும் நூத்தியெண்பதுன்னுதான் போட்டிருக்கு."

"ஒரே கோட்டை எதுக்கு ரெண்டு தடவை போடணும்? மை மிச்சமாயிடுச்சா?"

"உருண்டையை விரிக்கணும்னா எங்கேயாவது வெட்டித்தானே ஆகணும்."

"வெட்டறவன் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாப் பாத்து வெட்டக் கூடாதா? என் பிள்ளை போற வழியிலதான் கத்திரியை வைக்கணுமா?"

அதைத்தான் அவர்கள் செய்திருந்தார்கள், ஆளில்லாத இடமாகப் பார்த்துத்தான் வெட்டியிருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சிரித்துவிட்டு டிபன் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். அத்தை இரண்டு துண்டு நூல் எடுத்து, வலது துறைமுகத்திலிருந்து வலது ஓரம் வரை ஒன்றும், இடது ஓரத்திலிருந்து இடது துறைமுகம் வரை இன்னொன்றும், உயரம் பிசகாமல் கட்டி முடித்தார்.

நான் வேலை செய்யும் இடத்தில் உலக உருண்டைகள் செய்கிறோம். காற்று அதிகம் வராத நீளமான கூடம். சன்னலோரம் பெண்கள் ஒட்டுவோம். உள்ளறையில் ஆண்கள் அட்டைக் கிண்ணங்கள் இரண்டைச் சேர்த்து உருண்டையாக்கி, மாவு பூசித் தேய்த்து அனுப்புவார்கள். எங்கள் கைக்கு வரும்போது அது மொழுமொழுவென்று வெள்ளையாக, எந்த நாடும் இல்லாமல் இருக்கும். உலகம் எங்களிடம் தாளாக வரும். படகு வடிவத்தில் பன்னிரண்டு துண்டுகள். நடுவில் அகன்று இரண்டு முனையிலும் கூர்ந்தவை. இதழ் என்போம். தாளில் அவை வரிசையாக நிற்கும்போது வயிற்றுப் பகுதியில் மட்டுமே ஒன்றையொன்று தொடும். மேலும் கீழும் இடையில் வெறும் வெள்ளை. உருண்டையில் ஏற்றினால் அந்த வெள்ளை மறைந்து இதழ்கள் கூடிவிடும். சுவர்ப்படம் போடுகிறவர்கள் அப்படிச் செய்ய முடியாது. அவர்கள் அந்த வெள்ளையைக் காட்ட விரும்பாமல், இருபுறமும் இருக்கும் நிலத்தையும் நீரையும் இழுத்து நிரப்பிவிடுகிறார்கள். மேலே போகப் போக இழுப்பு அதிகம். எங்கள் உருண்டையில் உள்ளங்கைக்குள் அடங்கும் பனித்தீவு, அத்தையின் சுவரில் ஒரு கண்டம் மாதிரி உட்கார்ந்திருப்பது அதனால்தான். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து எனக்குத் தெரியவில்லை. வருடக்கணக்காக ஒட்டினால் கைக்குப் புரியும்.

கைக்குப் புரிந்தது மனதுக்கு வந்து சேர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அது வேறு.

பசை தடவினால் தாள் ஊறும். ஊறினால் நீளும். ஒவ்வொரு இதழும் ஒரு மயிரிழை நீண்டாலும், கடைசி இதழ் வரும்போது இடம் போதாமல் முதல் இதழின் மேல் ஏறிக்கொள்ளும். அதனால்தான் முதல் இதழும் கடைசி இதழும் பெருங்கடலின் நடுவில், நூற்றெண்பது என்று அச்சிட்ட கோட்டில் சந்திக்கும்படி தாளைத் தயார் செய்திருந்தார்கள். அங்கே நிலம் அநேகமாகக் கிடையாது. மிஞ்சுவதை பிளேடால் சீவி எடுத்துவிட்டு ஓரத்தை அழுத்திவிடுவோம். சில நாள் வெயிலில் தாள் சுருங்கி இடைவெளி விழும். அப்போது நீலச் சாயம் தொட்டுத் தடவுவோம். நிலத்தில் கைவைக்கக் கூடாது. கடலில்தான் வெட்டுவோம், கடலைத்தான் தடவி நிரப்புவோம். என் மேசைக்கடியில் இருக்கும் குப்பைக் கூடையில் எப்போதும் நீல நார்கள் சுருண்டு கிடக்கும்.

புயல் செய்தி ஒரு மாலையில் வந்தது. தொலைக்காட்சியில் பெருங்கடலை முழுசாகக் காட்டினார்கள். அதன் உச்சியில், மாலை போல் வளைந்த தீவு வரிசைக்குக் கீழே வெள்ளைச் சுழல் ஒன்று நின்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சரக்குக் கப்பலிலிருந்து பெட்டிகள் கடலில் விழுந்துவிட்டன என்றார்கள். இன்னொரு கப்பலோடு தொடர்பு இல்லை என்றார்கள். கப்பலின் பெயரைச் சொல்வதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

அத்தைதான் எழுந்து சுவரருகே போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தீவு வரிசையைத் தேடினார். அது வலது ஓரத்தில் பாதியும் இடது ஓரத்தில் பாதியுமாக இருந்தது.

"இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு புயலா?"

"ஒண்ணுதான் அத்தை."

அவர் கையை விரித்து நூலிலிருந்து தீவுகள் வரை வைத்துப் பார்த்தார். "ஒரு சாணுக்கு மேல இருக்கு. நம்ம ஆள் எங்கேயோ கீழ போறான்." திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு? அளந்து பாத்துட்டுத்தான் சொல்றேன். பாவம், அங்க மாட்டிக்கிட்டது எந்த வீட்டுப் பிள்ளையோ."

ஒரு சாண் என்பது சுவரிலேயே இவ்வளவு தூரம் என்றால் கடலில் எவ்வளவு என்று நினைத்தேன். அந்த ஒரு சாணை அணைத்துக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் மதிய உணவு இடைவேளையில், காய்வதற்காக வைத்திருந்த உருண்டை ஒன்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏனென்று தெரியவில்லை. அத்தையின் சாணை உருண்டையிலும் பார்த்துவிட வேண்டும், இன்னொரு தடவை நிம்மதியாக இருக்க வேண்டும் என்ற பேராசையாக இருக்கலாம். பக்கத்து மேசைக்காரியிடம் நூல் வாங்கினேன். அவளுக்கு வானொலி என்று பெயர், வாய் மூடாது.

"என்ன, உலகத்துக்கு ரவிக்கை தைக்கப் போறியா? அளவெடுக்கறே?"

"சும்மா இரு."

"முன்கழுத்தை இறக்கி வெட்டிடாதே, கடல் கொட்டிடும்."

நூலின் ஒரு முனையை அவர் கிளம்பிய துறைமுகத்தில் இடது கட்டைவிரலால் அழுத்தினேன். மறுமுனையைச் சேரும் துறைமுகத்துக்கு இழுத்தேன். அத்தை கட்டியதைப் போலவே, கிழக்கு மேற்காக அச்சிட்ட கோட்டை ஒட்டி வைத்தேன். தளர்வாக இருந்தவரை நூல் அங்கேயே கிடந்தது. இழுத்துப் பிடித்ததும் வழுக்கி மேலே போனது.

கீழே தள்ளினேன். மறுபடி வழுக்கியது. ஈரத்தால் இருக்கும் என்று நினைத்து முந்தானையால் உருண்டையைத் துடைத்துவிட்டு இழுத்தேன். நூல் தானாக ஏறி, தீவு வரிசையின் அடியை உரசிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. இழுத்துப் பிடித்த நூலுக்கு அதுதான் வழி. அதைவிடக் குட்டையான வழி அந்த உருண்டையில் இல்லை.

புயல் நின்ற இடம் அது.

அப்போதுதான் அவர் கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் சொன்னது நினைவுக்கு வந்தது. "இந்த வாட்டி கம்பளிச் சட்டையை எடுத்துக்கிட்டேன். மேல ஏறித்தான் இறங்கணும், நல்லாக் குளிரும்." நான் அதைக் கேட்டு, ஏதோ கப்பலில் மேல்தளத்துக்குப் போகிற வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சரி என்றேன். கேட்டிருக்கலாம். எதற்கு ஏறணும், எங்கே ஏறணும் என்று ஒரு வார்த்தை. பேசுவதற்கு அவ்வளவு நேரம் இருந்தும் எரிவாயு உருளை வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்னடி, உலகம் அளவு சரியில்லையா?" என்றாள் வானொலி.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்றேன்.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேர் இரண்டு கடலில் இருந்தோம். அத்தையின் கடலில் அலையே இல்லை. காலையில் பொத்தானை நகர்த்தினார். "ஓரத்துக்கு வந்துட்டே, பாத்து, தடுக்கி விழாதே" என்றார். அதை அவிழ்த்து இடது பக்க நூலில் கோத்துவிட்டு, ஒரு மகனைப் பிரசவித்தவரைப் போலப் பெருமூச்சு விட்டார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு அந்த விறைத்த நூலைப் பார்த்தேன். அதன் நேர்மை எனக்கு அருவருப்பாக இருந்தது.

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்ததும் உண்டு. ஆனால் அந்த வீட்டில் ஒருவராவது பயப்படாமல் இருப்பது எனக்குத் தேவைப்பட்டது. அத்தை தட்டில் சாதத்தைப் பிசைந்து, ஊறுகாய்க்குக் கை நீட்டி, பக்கத்து வீட்டுக்காரியைக் கிண்டல் செய்துகொண்டிருக்கும்வரை, ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்ற ஒரு சந்து எனக்குத் திறந்திருந்தது. நான் பேசினால் அந்தச் சந்தும் அடைபட்டுவிடும். அவருக்காக மறைத்தேன் என்று சொல்லிக்கொண்டேன். எனக்காகத்தான்.

பயம் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் அப்போதுதான் கண்டேன். வீட்டில் சுவரைப் பார்க்கும்போது வழி தூரத்தில் பத்திரமாக இருந்தது, ஆனால் புயல் பூதாகாரமாக, மேல் மூலைகள் இரண்டையும் அடைத்துக்கொண்டு தெரிந்தது. வேலையில் உருண்டையைப் பார்க்கும்போது புயல் ஒரு கட்டைவிரலுக்குள் அடங்கியது, ஆனால் வழி அதன் நடுவே போனது. வீட்டுப் புயலை நம்பக்கூடாது, அது இழுத்துப் பெரிதாக்கியது என்று உருண்டை சொல்லும். அப்படியானால் வீட்டு வழியையும் நம்பக்கூடாதல்லவா? சுவரிலிருந்து வழியையும் உருண்டையிலிருந்து புயலையும் எடுத்துக்கொண்டால் மட்டுமே என் கணவர் பிழைத்தார். பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நான் அப்படி எடுத்து எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். யாரோ காலை மிதித்து "மன்னிச்சுக்கோங்க" என்றபோது, எதற்கு என்று கேட்டேன்.

தினமும் சாயங்காலம் அவரிடமிருந்து "சாப்டேன்" என்று ஒரு செய்தி வரும். அது நின்றுபோயிருந்தது. நான் அனுப்பியவற்றில் ஒற்றை டிக் மட்டும் விழுந்து நின்றது. ஒன்றின் கீழ் ஒன்றாக என்னுடைய "சாப்டீங்களா" மட்டும் அடுக்கியிருந்தது.

"என்ன சொல்றான்?" என்று அத்தை கேட்பார்.

"நடுக்கடல்ல நெட் வரலையாம் அத்தை."

"வரலையாம்னு யார் சொன்னது? அவனா?"

ஒரு கணம் மாட்டிக்கொண்டேன். "ஏஜென்ட்" என்றேன். அவரைக் கப்பல் வேலைக்கு அனுப்பிய அந்த ஏஜென்டுக்கு நான் தினமும் போன் செய்துகொண்டுதான் இருந்தேன். எடுத்தவர், தகவல் வந்தால் கூப்பிடுகிறேன் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.

மழை பிடித்துக்கொண்ட நாள் அது. ஈரக்காற்றில் தாள் வழக்கத்தைவிட அதிகம் ஊறியது. பதினோரு இதழ்களை ஒட்டி, எலும்புத் தகட்டால் நீவி, பன்னிரண்டாவதை வைத்தேன். அரை விரல் அகலத்துக்கு முதல் இதழின் மேல் ஏறிக்கொண்டது. பிளேடை எடுத்தேன். நூற்றெண்பது என்ற எண்ணின் மேல் முனையை வைத்தேன். மேலே தீவு வரிசை, அதற்குக் கீழே ஒன்றுமில்லாத நீலம். தினமும் சீவுகிற இடம். சீவி, விரலால் உருட்டி, கூடையில் போடுகிற இடம். நூல் வழுக்கி ஏறி நின்ற இடம்.

கை இறங்கவில்லை.

மேஸ்திரி அக்கா வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் பின்னால் நின்றார். "பசை காயுது. என்ன யோசனை? நாடு ஏதாவது மாட்டிக்கிச்சா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன? கடல்தானே. வெட்டு."

"கடல்ல ஆள் இருக்காங்கக்கா."

சொன்ன பிறகுதான் அது சத்தமாக வந்துவிட்டது என்று தெரிந்தது. வானொலி பேச்சை நிறுத்தினாள். என் கணவர் கப்பலில் இருப்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். புயல் செய்தியையும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். யாரும் இரண்டையும் சேர்த்து என்னிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மேஸ்திரி அக்கா என் விரல்களிலிருந்து பிளேடை உருவினார். அவர் சீவிவிடுவார் என்று நினைத்தேன். பிளேடை மேசையில் வைத்துவிட்டு, ஏறியிருந்த ஓரத்தை அப்படியே உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். தையல் தடித்துப்போய் அசிங்கமாக நின்றது.

"இது ரெண்டாம் தரத்துல போகட்டும்" என்றார். "நீ வீட்டுக்குப் போம்மா. அத்தை தனியா இருப்பாங்க."

கதவைத் திறந்து செருப்பைக் கழற்றும்போதே தொலைபேசி அடித்தது. ஏஜென்ட். நான் எடுக்கும்போது அத்தை ஈரத் துணிகளை வீட்டுக்குள் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், பதட்டப்படாதீங்க. கப்பல்லேருந்து இப்பதான் தகவல் வந்திருக்கு. எஞ்சின் நின்னு போயிருக்கு. ஆன்டெனாவும் அடிபட்டிருக்கு, அதான் தொடர்பு இல்லாம இருந்துச்சு. ஆட்கள் எல்லாரும் கப்பல்லதான் இருக்காங்க. இழுவைக் கப்பல் ஒண்ணு கிளம்பியிருக்கு."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்னுதான் சொல்லியிருக்காங்க மேடம். காயம் பத்தி எதுவும் வரலை."

"எங்க இருக்கு கப்பல்?"

"பொசிஷன் நம்பர்தான் இருக்கு. சொன்னா உங்களுக்குப் புரியாதே."

"சொல்லுங்க."

அவர் வாசித்தார். நூற்றெண்பது என்றதுமே எனக்கு இடம் தெரிந்துவிட்டது. பிளேடு நின்ற இடம். மீதி எண்களைக் கேட்டேனே தவிர, அவை தேவைப்படவில்லை.

அத்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். கையில் ஈரத் துணி அப்படியே இருந்தது. நான் கேட்டதை அப்படியே சொன்னேன். எஞ்சின், ஆன்டெனா, இழுவைக் கப்பல். அவர் அழவில்லை. சுவரருகே போய் நின்றார்.

"காட்டு."

விரலை வைத்தேன். வலது ஓரத்தில், நூலுக்கு ஒரு சாண் மேலே, தீவுகளின் அடியில்.

"இது நம்ம நூல்ல இல்லையே. இங்க எதுக்குப் போனான்? வழி தவறிட்டானா?"

"இல்ல அத்தை. அவர் சரியான வழியிலதான் போயிருக்காரு. நூல்தான் தப்பு. உருண்டையில நேரா இழுத்தா நூல் இப்படித்தான் மேல ஏறுது. கப்பல் எல்லாம் அப்படித்தான் போகும். தட்டையாப் போட்டதுனால நமக்கு வேற மாதிரித் தெரியுது."

அத்தை திரும்பினார். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"புயல் செய்தி வந்த அன்னிக்கே தெரியுமா?"

"மறுநாள்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் இடது பக்க நூலில், சேரும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக நின்றிருந்த பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாளும் நான் யாருகிட்ட பேசிட்டிருந்தேன்?" என்றார். "தினமும் காலைல உக்காந்து, தூங்கினியா, சாப்பிட்டியான்னு... ஆளே இல்லாத தண்ணிகிட்டயா? அவன் இங்க கிடந்து தவிக்கறான். நான் அங்க யாரையோ விசாரிச்சிட்டிருந்திருக்கேன்."

அவருடைய நிம்மதியைக் காப்பாற்றியதாக நினைத்திருந்தேன். அவரிடமிருந்து மகனை எடுத்து வேறு இடத்தில் ஒளித்து வைத்திருந்தேன் என்று அப்போது புரிந்தது.

அவர் ஓரத்துக் குண்டூசியைப் பிடுங்கி, நான் காட்டிய இடத்தில் குத்தினார். நூலை இழுத்தார். எட்டவில்லை.

"குட்டை வழின்னு சொல்றே. நூல் அதிகமாக் கேக்குதே?"

"தட்டையில அப்படித்தான் அத்தை."

"என்ன தட்டையோ" என்று முணுமுணுத்துக்கொண்டு, தையல் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து முடிச்சுப் போட்டு நீட்டிக் கட்டினார். நடுவில் இரண்டு குண்டூசி வைத்து நூலை மேல்நோக்கி வளைத்தார். பொத்தானை எடுத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்தவர் நின்றுவிட்டார்.

"எந்த ஓரத்துல வைக்கறது?"

"ரெண்டுலயும்தான் இருக்காரு. ரெண்டும் ஒரே இடம்."

அத்தை என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கொடியில் தொங்கிய, மகன் வீட்டில் விட்டுப்போன சட்டையருகே போய், கடைசிப் பொத்தானைத் திருகிப் பிய்த்தார். அதை என் கையில் கொடுத்தார். "நீ அந்தப் பக்கம் போ."

நான் இடது ஓரத்துக்குப் போய், அதே உயரத்தில் பொத்தானை வைத்து அழுத்தினேன். அவர் வலது ஓரத்தில் அழுத்தினார். எங்கள் இருவருக்கும் நடுவே எல்லா நாடுகளும், எல்லா மலைகளும், என் கணவர் இதுவரை போன எல்லாத் துறைமுகங்களும் இருந்தன. குண்டூசிப் பெட்டி மேசையில்தான் இருந்தது. அத்தை அதை எடுக்கவில்லை.

"எஞ்சின் நின்னா கப்பல் ஒரே இடத்துல நிக்காது இல்ல?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"நிக்காது. காத்தும் தண்ணியும் இழுத்துட்டுப் போகும்."

"அழுத்திப் பிடி."

பிடித்தேன். விரல் நுனி வெளுத்தது. மழை சன்னல் கம்பியில் அடித்துக்கொண்டிருந்தது. தொலைபேசி மேசை மேல், இருவருக்கும் சம தூரத்தில், முகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அது அடித்தால் யாராவது ஒருவர் கையை எடுக்க வேண்டும். அடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அடித்துவிடக் கூடாது என்றும் நினைத்தேன்.

அத்தையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"அடிச்சா நீ போய் எடு" என்றார். "நான் இங்க பிடிச்சுக்கறேன்."